முட்களைக் கண்டவர்
சாந்தியாகோ ரமோன் இ கஹால் (1852 – 1934)

தேர்வுக்கு முந்திய இரவு. நூலகம் மூடும் நேரம் வரை உட்கார்ந்து படித்துவிட்டு விடுதி அறைக்குத் திரும்புகிறோம். மறுநாள் காலையில் படித்ததில் பாதியாவது நினைவில் நிற்கிறது. நேற்று மாலை நம் தலைக்குள் இல்லாத ஒன்று இன்று காலை இருக்கிறது. அப்படியென்றால் மூளையில் ஏதோ ஓர் இடத்தில் ஏதோ ஒரு பொருள் மாறியிருக்க வேண்டும். எந்த இடம்? என்ன பொருள்?

இந்தக் கேள்விக்கு இன்று ஓரளவு விடை உண்டு. ஒரு நரம்பணு மற்றொரு நரம்பணுவைச் சந்திக்கும் இடத்துக்குச் சினாப்ஸ் என்று பெயர். தமிழில் நரம்பிணைப்பு எனலாம். கற்றது நிலைக்க வேண்டுமானால் அந்த இணைப்புகள் வலுப்பட வேண்டும். வலுப்படப் புதிய புரதங்கள் வேண்டும். உடலில் புரதங்களைச் செய்யும் நுண்ணிய ஆலைகள் ரைபோசோம்கள். அந்த ஆலைகள் நரம்பிணைப்பின் அடிவாசலிலேயே அமைந்திருக்கின்றன என்பதும், ஆலையின் உறுப்புகளில் சில அங்கேயே செய்யப்பட்டு மாற்றப்படுகின்றன என்பதும் அண்மைக்கால ஆய்வுகள் காட்டும் செய்திகள்.

ஆனால் ஆலையைக் காண்பதற்கு முன் ஆலை நிற்கும் இடத்தை யாராவது கண்டாக வேண்டுமே! அந்த இடத்தைக் கண்டவர் ஒரு ஸ்பானியர். பள்ளியில் அடி வாங்கியவர். முடிதிருத்தும் கடையிலும் செருப்புத் தைக்கும் கடையிலும் வேலைக்கு விடப்பட்டவர். உலக அறிவியல் திரும்பிப் பார்க்காத ஒரு மொழியில் எழுதியவர். அவருடைய வாழ்க்கையை நம் மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

அடங்காத பிள்ளை

சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1852 மே 1ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், பெதிய்யா தே அராகோன் என்னும் சிறிய மலைக் கிராமத்தில் பிறந்தார். தந்தை ஹுஸ்தோ ரமோன் நாட்டுப்புற அறுவை மருத்துவர். வறுமையிலிருந்து தம் முயற்சியாலேயே படித்து மேலே வந்தவர். ஆகவே உழைப்பும் ஒழுங்கும் தவிர வேறெதையும் அவர் மதிக்கவில்லை. தாய் அந்தோனியா கஹால். தந்தையின் வேலைக்கேற்பக் குடும்பம் ஊர் ஊராக மாறி, கடைசியில் அயெர்பே என்ற ஊரில் தங்கியது.

சிறுவனுக்கு ஓவியத்தில் தீராத ஆசை. கிடைத்த தாளிலெல்லாம் வரைவான். தாள் கிடைக்காவிட்டால் சுவர் இருக்கிறது. வண்ணம் வாங்கக் காசு இல்லாதபோது வண்ணத்தாளின் சாயத்தை நீரில் ஊறவைத்து எடுத்துக்கொள்வான். தந்தைக்கோ ஓவியம் சோம்பேறிகளின் தொழில். மகனுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா என்று அறிய, ஊர் மாதா கோவிலுக்குச் சுண்ணம் பூச வந்த ஒருவரிடம் அவன் வரைந்த படத்தைக் காட்டினார். அவர் அதைப் பார்த்துவிட்டு இவன் ஓவியனாக மாட்டான் என்று தீர்ப்புச் சொன்னார். அத்தோடு தூரிகையும் பென்சிலும் பறிமுதல் ஆயின.

பள்ளி வாழ்க்கையும் நன்றாக இல்லை. ஹாக்கா நகரில் பாதிரிமார் நடத்திய பள்ளியில் இலத்தீன் பாடத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். சாந்தியாகோவுக்கு மனப்பாடம் வரவில்லை. பிரம்படியும் பட்டினித் தண்டனையும்தான் கிடைத்தன. சுமார் 11 வயதில் மரத்தால் ஒரு பீரங்கி செய்து, பக்கத்து வீட்டுக்காரரின் புதிய வாயிற்கதவைத் தகர்த்துவிட்டுச் சில நாள் சிறையிலும் இருந்தான். பொறுமை இழந்த தந்தை மகனை முதலில் முடிதிருத்துபவரிடமும் பின்னர் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். செருப்புத் தைப்பதில் பையன் நன்றாகவே தேறினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கை நுணுக்கம் அவனிடம் எப்போதும் இருந்தது. அந்தக் கைக்குத் தகுந்த வேலைதான் இன்னும் அகப்படவில்லை.

கல்லறையில் கிடைத்த பாடம்

1868ஆம் ஆண்டுக் கோடைக்காலம். சாந்தியாகோவுக்கு 16 வயது. தந்தை ஒரு புதிய வழியை முயன்று பார்த்தார். இரவு நேரத்தில் மகனை அழைத்துக்கொண்டு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். வெளியே கிடந்த மனித எலும்புகளைப் பொறுக்கி வந்து, வைக்கோல் பரணில் வைத்து, ஒவ்வோர் எலும்பாக எடுத்து உடற்கூற்றியல் கற்பித்தார். மேடும் பள்ளமும் துளையும் வரிப்பும் பார்த்துப் பார்த்து மகன் அவற்றை வரைந்தான்.

அதுவரை பகையாக இருந்த இரண்டும் அங்கே ஒன்று சேர்ந்தன. தந்தை விரும்பிய மருத்துவமும் மகன் விரும்பிய ஓவியமும் ஒரே தாளில் இடம் பெற்றன. மகன் வரைந்த உடற்கூற்று ஓவியங்களைப் பிற்காலத்தில் நூலாக அச்சிட வேண்டும் என்று அதே தந்தை ஆசைப்பட்டார். நல்ல அச்சுக்கூடம் இல்லாததால் அது நிறைவேறவில்லை.

சரகோசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1873இல் பட்டம் பெற்றார் கஹால். அடுத்த ஆண்டே இராணுவ மருத்துவராக அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலங்களுக்கு நடுவில் இருந்த மருத்துவமனைகளில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவரையே நோயாளி ஆக்கின. 1875இல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். நிலுவையாக இருந்த இராணுவச் சம்பளத்தைக் கொண்டு அவர் வாங்கிய பொருள் ஒரு நுண்ணோக்கி. 1878இல் காசநோய் தாக்கி இரத்த வாந்தி எடுத்தார், அதிலிருந்தும் மீண்டார். 1879இல் சில்வேரியா ஃபன்யானாஸ் என்ற பெண்ணை மணந்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள்.

1883இல் வலென்சியாவில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1885இல் அங்கே காலரா பரவியபோது அந்நோயைப் பற்றி ஆய்ந்து அறிக்கை தந்தார். அதற்கு நன்றியாகச் சரகோசா மாகாண அரசு அவருக்கு ஸைஸ் நிறுவனத்தின் சிறந்த நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்தது. பெரிய நாட்டு ஆய்வாளர்களுக்கு இணையான ஒரு கருவி முதன்முதலாக அவர் கைக்கு வந்தது அப்போதுதான்.

கறுப்புச் சாயம்

அந்தக் காலத்தில் மூளையை நுண்ணோக்கியில் பார்ப்பது அடர்ந்த காட்டை உயரத்திலிருந்து பார்ப்பது போன்றது. எல்லா மரங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எந்தக் கிளை எந்த மரத்தினுடையது என்று சொல்ல முடியாது. ஆகவே மூளை முழுவதும் ஒரே தொடர்ச்சியான வலை; நரம்பிழைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்தவை என்பதே பெரும்பாலோர் கொள்கையாக இருந்தது.

இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்ஜி 1873இல் ஒரு புதிய சாயமுறையை வெளியிட்டார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைக்குரோமேட்டில் ஊறவைத்து, பின் வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட்டால், நூற்றில் சில நரம்பணுக்கள் மட்டும் கறுப்பாக மாறும். மற்றவை நிறமின்றி நிற்கும். காட்டில் மற்ற மரங்களெல்லாம் மறைந்து ஒரே ஒரு மரம் மட்டும் வேர் முதல் நுனி வரை தெரிவதுபோல் அந்த அணு தெரியும். ஏன் சில அணுக்கள் மட்டும் கறுக்கின்றன என்பது யாருக்கும் புரியவில்லை. சில நேரம் சாயம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. அதனால் பலரும் அம்முறையைக் கைவிட்டார்கள்.

1887இல் மாட்ரிட் நகரில் லூயிஸ் சிமார்ரோ என்ற மருத்துவர் தம்மிடம் இருந்த கோல்ஜி முறைச் சில்லு ஒன்றைக் கஹாலுக்குக் காட்டினார். மஞ்சள் பின்னணியில் மையால் வரைந்ததுபோல் கறுத்த நரம்பணு. ஓவியனின் கண்ணுக்கு அது போதும். கஹாலுக்கு அப்போது வயது 35. கோல்ஜி முறை வெளிவந்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

அவ்வாண்டே பார்சிலோனாவுக்கு மாற்றலாகிப் போன கஹால் இரண்டு மாற்றங்களைச் செய்தார். ஒன்று, சாயத்தில் ஊறவைப்பதை மறுமுறையும் செய்தார். மற்றொன்று, வளர்ந்த விலங்குகளின் மூளையை விட்டு, முட்டைக்குள் இருக்கும் குஞ்சு, புதிதாகப் பிறந்த குட்டி ஆகியவற்றின் மூளையை எடுத்தார். முதிர்ந்த காட்டை ஆராய்வதைவிட நாற்றங்காலை ஆராய்வது எளிது என்பது அவருடைய கணக்கு. இளம் மூளையில் இழைகளைச் சுற்றிக் கொழுப்புறை இன்னும் படிந்திருக்காது. சாயம் தடையின்றிப் பிடிக்கும்.

1888

பின்னாளில் தம் வாழ்வின் உச்ச ஆண்டாக அவர் கருதியது 1888. அவ்வாண்டு மே மாதம் பறவைகளின் சிறுமூளை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் இரண்டு செய்திகள் இருந்தன.

முதலாவது, நரம்பிழைகள் எங்கும் ஒட்டி ஒன்றாகவில்லை. ஓர் அணுவின் இழை அடுத்த அணுவை நெருங்கி, கூடைபோல் சுற்றி வளைத்து, அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி உயிரணு. செய்தி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. உடல் ஒன்றோடு ஒன்று சேர்வதில்லை.

இரண்டாவது, சிறுமூளையின் பெரிய நரம்பணுக்களின் கிளைகள் வழுவழுப்பாக இல்லை. ரோசாச் செடியின் தண்டில் இருப்பதுபோல் கிளை நெடுகச் சிறு முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கஹால் அவற்றை முட்கள் என்றே அழைத்தார். இன்றும் உலகெங்கும் அதே பெயர்தான்.

கோல்ஜி உள்ளிட்ட பெரியவர்கள் அந்த முட்களை ஏற்கவில்லை. வெள்ளி படிவதால் ஏற்பட்ட அழுக்கு என்றார்கள். கஹால் விடவில்லை. 1896இல் மெத்திலீன் நீலம் என்ற முற்றிலும் வேறான சாயத்தைக் கொண்டு அதே முட்களைக் காட்டினார். இரண்டு வெவ்வேறு சாயங்களும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் அழுக்கை உண்டாக்க முடியாதல்லவா? அணுவுக்கும் அணுவுக்கும் இடையே செய்தி கைமாறும் இடம் இந்த முட்களாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

படிக்க ஆளில்லாத மொழி

கட்டுரை எழுதியாயிற்று, வெளியிடுவது எங்கே? ஸ்பெயினில் அதற்கென்று ஏடு கிடையாது. எனவே அவரே ஒரு காலாண்டு இதழைத் தொடங்கினார். ஆசிரியரும் அவரே, எழுத்தாளரும் அவரே, படம் வரைபவரும் அவரே. அச்சிட்ட படிகள் 60. பேராசிரியரின் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, மிச்சம் பிடித்த பணத்தை அச்சுக்கூடத்துக்குக் கொடுக்கச் சம்மதித்த சில்வேரியாவின் சிக்கனம் இல்லையென்றால் அந்த இதழே வந்திருக்காது. கஹாலும் தம் பங்குக்கு, நேரத்தைத் தின்ற சதுரங்க ஆட்டத்தை விட்டொழித்தார்.

60 படிகளில் பெரும்பாலானவற்றை வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். பதில் வரவில்லை. அறிவியல் அன்று ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நடந்தது. ஸ்பானிஷ் மொழியில் வந்த ஏட்டை மேசையில் வைத்துவிட்டு மறந்தார்கள். சிலரோ அவர் கூற்றை நம்பவில்லை.

தமிழில் அறிவியல் எழுத முனையும் எவருக்கும் இந்த இடம் புதிதல்ல. யார் படிப்பார் என்ற கேள்வி நம் பேனாவை நிறுத்திவிடுகிறது. கஹால் அதற்கு என்ன செய்தார் என்பது கவனிக்கத்தக்கது. தம் மொழியில் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. மற்ற மொழிகளைப் புறக்கணிக்கவும் இல்லை. கட்டுரைகளைப் பிரெஞ்சில் ஆக்கி வெளிநாட்டு ஏடுகளுக்கு அனுப்பினார். ஜெர்மன் ஏடுகளைப் படிக்கப் பழகினார். அதற்கும் பலன் குறைவாக இருக்கவே, 1889இல் ஜெர்மன் உடற்கூற்றியல் கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, கையிருப்பை எல்லாம் திரட்டிக்கொண்டு, சில்லுகளைப் பெட்டியில் வைத்துப் பெர்லினுக்கு இரயில் ஏறினார்.

அங்கே அவரை யாருக்கும் தெரியாது. மாநாட்டுக் கூடத்தில் நுண்ணோக்கிகளைக் கேட்டு வாங்கி வரிசையாக வைத்து, தம் சில்லுகளைப் பொருத்தி, தடுமாறும் பிரெஞ்சில் விளக்கிக்கொண்டு நின்றார். முதலில் வந்தவர்கள் ஐயத்தோடு குனிந்தார்கள். நிமிரும்போது முகம் மாறியிருந்தது. அவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் கோலிக்கர். ஐரோப்பியத் திசுவியலின் முதுபெரும் தலைவர். அப்போது 72 வயது. அதுவரை வலைக் கொள்கையின் பக்கம் நின்றவர். கஹாலைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விருந்தளித்து மற்ற அறிஞர்களுக்கு அறிமுகம் செய்தார். தம் பழைய கருத்தையும் மாற்றிக்கொண்டார். கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே அந்த வயதில் அவர் ஸ்பானிஷ் கற்றார் என்பது மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி.

1891இல் ஜெர்மன் அறிஞர் வால்டயர், கஹாலும் பிறரும் கண்டவற்றைத் தொகுத்து எழுதி, நரம்பணுவுக்கு நியூரான் என்ற பெயரைச் சூட்டினார்.

ஒரு இரவு

வெற்றிக் கதையாகவே இதைச் சொல்லிக்கொண்டு போவது நேர்மையாகாது. பார்சிலோனா ஆண்டுகளில்தான் கஹாலின் சிறு மகள் என்ரிகெத்தா மூளைக்காய்ச்சலில் இறந்தாள். மூளையின் நுண்ணமைப்பை உலகில் வேறு எவரையும்விட நன்றாக அறிந்திருந்த தந்தையால், மகளின் மூளையைச் சூழ்ந்த நோயை ஒன்றும் செய்ய முடியவில்லை. நோயைக் குணப்படுத்தும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை.

அந்த நாட்களில் துயரத்தை மறக்க அவர் நுண்ணோக்கியில் முகம் புதைத்தார். குழந்தையின் மீது இருள் கவிந்துகொண்டிருந்த இரவில்தான் ஒரு புதிய உண்மை தமக்குப் புலப்பட்டது என்று தம் தன்வரலாற்றில் அவரே பதிவு செய்திருக்கிறார். அதைப் பெருமையாக எழுதினாரா, குற்றவுணர்வோடு எழுதினாரா என்று தீர்மானிப்பது கடினம். இரண்டும் கலந்திருக்கலாம். குழந்தையின் பக்கத்தில் சில்வேரியா இருந்தார். ஆய்வாளரின் பெயரை நாம் நினைவில் வைத்திருக்கும்போது அந்தத் தாயையும் நினைப்பது கடமை.

லண்டனில் நட்ட தோட்டம்

1892இல் மாட்ரிட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1894இல் லண்டன் அரச கழகம் அவரைச் சிறப்புச் சொற்பொழிவுக்கு அழைத்தது. இளம் உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் வீட்டில் தங்கினார். வெளியே போகும்போதெல்லாம் விருந்தினர் தம் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவது வீட்டாருக்குப் புதிராக இருந்தது. படுக்கையறையையே அவர் ஆய்வுக்கூடமாக மாற்றி வைத்திருந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது.

அந்தச் சொற்பொழிவில் கஹால் துணிந்து ஒரு கருத்தை வைத்தார். வளர்ந்த மனிதனுக்குப் புதிய நரம்பணுக்கள் பெருகுவதில்லை என்றால், கற்பது எப்படி? பயிற்சியால் நரம்பணுக்களின் கிளைகளும் இணைப்புகளும் பெருகி வலுப்படுகின்றன என்றார். மூளையின் புறணியை அவர் எண்ணற்ற மரங்கள் நிற்கும் தோட்டத்துக்கு ஒப்பிட்டார். நல்ல உழவு கிடைத்தால் மரங்கள் கிளை விடும், வேர் ஆழப்படும், பூவும் காயும் சிறக்கும். நாம் தேர்வுக்குப் படிக்கும் இரவைப் பற்றிய முதல் அறிவியல் விளக்கங்களுள் அது ஒன்று.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1897இல், அணுவும் அணுவும் சந்திக்கும் இடத்துக்குச் சினாப்ஸ் என்ற பெயரைக் கிரேக்கத்திலிருந்து எடுத்து நூலில் எழுதியவர் அதே ஷெரிங்டன்.

ஒரே மேடையில் இருவர்

1906ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. சாயத்தைக் கண்டவருக்கும் அந்தச் சாயத்தால் உண்மையைக் கண்டவருக்கும் பாதிப் பாதி. அதுவரை இருவரும் நேரில் சந்தித்ததில்லை. ஸ்டாக்ஹோம் மேடையில் முதலில் பேசிய கோல்ஜி, பரிசுரையையே நியூரான் கொள்கையைத் தாக்குவதற்குப் பயன்படுத்தினார். மூளை ஒரே வலைதான் என்று சாதித்தார். மறுநாள் பேசிய கஹால், கோல்ஜியின் கண்டுபிடிப்புக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிட்டு, தாம் கண்டவற்றை வரிசையாக எடுத்து வைத்தார்.

சச்சரவு அத்தோடு தீரவில்லை. காரணம் எளிது. இரண்டு அணுக்களுக்கு இடையே உள்ள வெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்ட முடியாது. அந்த இடைவெளியைக் கஹால் கண்ணால் பார்த்ததே இல்லை. இழைகள் முடியும் விதத்தை ஆயிரக்கணக்கான சில்லுகளில் கண்டு, இடைவெளி இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

புகழ் வந்த பின்பும் அவர் பழக்கங்கள் மாறவில்லை. அரசு அவருக்கென ஆய்வுக்கூடம் அமைத்தபோது, குறித்த ஊதியம் மிகுதி என்று குறைக்கச் சொன்னார். கல்வி அமைச்சர் பதவியை ஏற்க மறுத்தார். மூளையின் நுண்ணமைப்பை ஏறத்தாழ 2,900 படங்களாக வரைந்தார். வண்ண ஒளிப்படக் கலை பற்றி 1912இல் நூல் எழுதினார். தெல்லோ, அச்சூக்கர்ரோ, ரியோ ஓர்தேகா, லொரெந்தே தே நோ என்று ஒரு மாணவர் பரம்பரையே உருவாயிற்று. அவரும் தவறுகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். சிறந்த மாணவர் ரியோ ஓர்தேகாவோடு 1920இல் மனக்கசப்பு ஏற்பட்டு, அவர் கூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. முதிர்ந்த மூளையில் அறுந்த நரம்புப் பாதைகள் மீண்டும் முளைப்பதில்லை என்று 1914இல் எழுதியபோது, அந்தக் கடுமையான விதியை முடிந்தால் மாற்றும் பொறுப்பை எதிர்கால அறிவியலிடம் ஒப்படைத்தார்.

1930இல் சில்வேரியா காலமானார். கஹால் இறுதி வரை எழுதிக்கொண்டிருந்தார். 1933இல், 81 வயதில், நியூரானா வலையா என்ற அதே பழைய வழக்குக்கு மீண்டும் ஒருமுறை சான்றுகளைத் தொகுத்தார். 1934 அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில் மறைந்தார்.

முள்ளின் அடியில் இருந்த ஆலை

அவர் மறைந்து 20 ஆண்டுகளில் வழக்குத் தீர்ந்தது. 1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்தது. அணுக்களுக்கு இடையே வெளி இருப்பது படமாகவே தெரிந்தது. 1959இல் பிரிட்டிஷ் அறிஞர் கிரே, பெருமூளையின் முட்களில் நரம்பிணைப்புகள் அமர்ந்திருப்பதைக் காட்டினார். அழுக்கு என்று ஒதுக்கப்பட்டவை, மூளை உரையாடும் வாசல்கள் என்று ஆயிற்று.

இன்னொரு செய்தியும் வெளிவந்தது. கஹாலின் காலத்திலேயே ஃபிரான்ஸ் நிசில் என்ற ஜெர்மானியர், நரம்பணுவின் உடலிலும் கிளைகளின் அடிப்பகுதியிலும் நீலச் சாயம் ஏற்கும் திட்டுகளைக் கண்டிருந்தார். அவை என்ன என்று அன்று யாருக்கும் தெரியாது. கஹாலும் அவற்றை வரைந்திருக்கிறார். 1955இல் ஜார்ஜ் பலாடேயும் சான்போர்ட் பாலேயும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அத்திட்டுகளில் நுண்மணிகள் குவிந்து கிடந்தன. அவையே பின்னர் ரைபோசோம் எனப் பெயர் பெற்றன. பெயர் தெரியாமலேயே கஹால் ரைபோசோம் கூட்டத்தைப் படமாக வரைந்து வைத்திருந்தார் என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு நரம்பணுவுக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் உண்டு. புரதம் அணுவின் உடலில் மட்டுமே செய்யப்படுகிறது என்றால், தொலைவில் உள்ள ஒரே ஒரு முள்ளுக்கு மட்டும் அதை எப்படிக் கொண்டு சேர்ப்பது? நெடிய நினைவு உருவாகப் புதிய புரதம் தேவை என்பதை 1960களில் எலிகளையும் தங்கமீன்களையும் கொண்டு செய்த சோதனைகள் காட்டியிருந்தன. 1965இல் டேவிட் போடியன் இணைப்புகளின் அருகே ரைபோசோம்கள் இருப்பதைக் கவனித்தார். 1982இல் ஆஸ்வால்ட் ஸ்டூவர்ட், வில்லியம் லெவி இருவரும் அதை உறுதிப்படுத்தினார்கள். கிளைகளில் உள்ள ரைபோசோம் கொத்துகள் பெரும்பாலும் முட்களின் அடியில் அமர்ந்திருந்தன. ஆலை, தேவைப்படும் வாசலிலேயே இருந்தது. 2002இல் கிறிஸ்டன் ஹாரிஸ் குழுவினர், இளம் எலியின் மூளைத் துண்டுகளில் இணைப்பைத் தூண்டி வலுப்படுத்தியபோது, ரைபோசோம் கொத்துகள் கிளையிலிருந்து முள்ளுக்குள்ளேயே நகர்வதைக் கண்டார்கள்.

ரைபோசோமும் ஒரு கூட்டுப் பொறி. மனித ரைபோசோமில் 4 ஆர்என்ஏ இழைகளும் சுமார் 80 புரதங்களும் உள்ளன. அதன் நுண்ணமைப்பைத் துலக்கியதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். கஹாலுக்குச் சரியாக நூறு ஆண்டு இளையவர்.

ரைபோசோம்கள் அணுவின் கருவுக்குள் கட்டப்பட்டு வெளியே அனுப்பப்படுகின்றன என்பதே பாடநூல் செய்தி. அப்படியிருக்க, ரைபோசோம் புரதங்களைச் செய்வதற்கான குறிப்புகள் தொலைவில் உள்ள கிளைகளிலும் ஏன் கிடக்கின்றன என்பது பல காலம் புதிராக இருந்தது. 2021இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிலையத்தார் வெளியிட்ட ஆய்வு விடைக்கு வழி காட்டியது. ரைபோசோம் புரதங்களில் சில, கிளைகளிலேயே புதிதாகச் செய்யப்பட்டு, ஏற்கெனவே அங்கே இருக்கும் ரைபோசோம்களில் பொருந்திக்கொள்கின்றன. அணு நெருக்கடிக்கு உள்ளாகும்போது இந்த மாற்றத்தின் போக்கும் மாறுகிறது. தேய்ந்த உறுப்பை மாற்றத் தலைமை ஆலைக்குத் திருப்பி அனுப்பாமல், கிளைப் பட்டறையிலேயே பழுது பார்ப்பது போன்றது இது. பழுது பார்ப்பது மட்டும்தானா, அல்லது அந்தந்த இணைப்புக்கு ஏற்ற தனி வகை ரைபோசோம்கள் உருவாகின்றனவா என்ற கேள்வி ஆய்வாளர்கள் முன் நிற்கிறது.

நமக்கு

கஹால் கண்டது முள்ளை. அதன் அடியில் இருந்த ஆலையை அவர் காணவில்லை. காணும் கருவி அவர் காலத்தில் இல்லை. ஆனால் முள் உண்மை என்று அவர் வாதாடியிராவிட்டால், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தேடும் எண்ணம் பின்வந்தவர்களுக்கு அத்தனை எளிதாகத் தோன்றியிருக்காது.

அவருடைய படங்களும் சில்லுகளும் கடிதங்களும் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் மிக முக்கியமானவை 60 படிகள் மட்டும் அச்சான ஓர் இதழிலிருந்து தொடங்கியவை. பேரவைகள் வெளியிடும் நம் ஆண்டிதழ்களும் பெரிய எண்ணிக்கையில் அச்சாவதில்லை. அதில் ஓர் அறிவியல் கட்டுரை எழுதுவதா வேண்டாமா என்று தயங்கும் மாணவர் யாரேனும் இருந்தால், எழுதுங்கள். பார்த்ததைச் சரியாகப் பார்த்து எழுதுங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு, வேண்டிய மொழியைக் கற்றுக்கொண்டு, உலகத்தின் முன்னாலும் போய் நில்லுங்கள். கஹால் செய்தது இவை இரண்டையும்தான்.